கந்தளாய் நீரும் கட்டணமும்: ஒரு வரலாற்று நோக்கு

'இலவசம்' என்பது வரலாற்று மாணவர் ஐயத்தோடு அணுகவேண்டிய சொற்களுள் ஒன்றாகும். ஒரு பொருள் விலையின்றிக் கிடைக்கிறது என்று கூறப்படும்போது, அதனை ஆக்கியவர் யார், அழியாது பேணியவர் யார், அவர்தம் உழைப்புக்கான ஈடு எவ்வழியிற் கிடைத்தது என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. அப்பொருளுக்கு ஒருநாள் விலை குறிக்கப்படும்பொழுதே அவை மீண்டும் தலைதூக்குகின்றன.

கணினித் துறையில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள ஒரு பூசல் இதனை நன்கு விளக்கும். இணையத்தளங்களை அமைப்பதற்கென 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதனோடு பொருத்தப்படும் 'செருகுநிரல்கள்' எனப்படும் துணை மென்பொருள்கள் பல்லாயிரம் உள்ளன. அவற்றுட் பலவும் தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்பட்டவை. சிறு வணிகரும் பாடசாலைகளும் சஞ்சிகைகளும் அவற்றை நம்பித் தத்தம் தளங்களைக் கட்டியெழுப்பினர். சில ஆண்டுகள் கழிந்தபின், நேற்றுவரை இலவசமாயிருந்த ஒரு வசதி ஆண்டுச் சந்தா செலுத்துவோர்க்கே உரியதாகிவிடுகிறது. கொடுத்ததைத் திரும்பப் பறிப்பது அறமாகாது என்பர் பயன்படுத்துவோர். இத்தனை ஆண்டுகள் எமது உழைப்புக்குக் கூலி தந்தவர் எவர் என்பர் ஆக்கியோர். இரு கூற்றிலும் நியாயம் உண்டு.

கருவி புதிதாயினும் வழக்கு பழையது. திருகோணமலை மாவட்டத்திலே, துறைமுகத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்தின் நீரைச் சுற்றி இவ்வழக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு வடிவங்களில் நடைபெற்று வந்துள்ளது. அந்நீர் எப்பொழுதேனும் உண்மையில் இலவசமாயிருந்ததா, இருந்ததாயின் எவ்வாறு கட்டணத்துக்குரியதாயிற்று என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

கந்தளாய்க் குளத்தின் தோற்றம் பற்றி இருவேறு மரபுகள் வழங்குகின்றன. பாளி வரலாற்று நூல்கள் கூறும் கங்காதட வாவி கந்தளாயே என்பர் ஆய்வாளர். அதனை அமைத்தவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் அக்கபோதி. கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் நூல்கள் போற்றும் மரபோ, குளக்கோட்டன் என்னும் மன்னன் திருக்கோணேச்சரத் திருப்பணிக்கு நெல் விளைவிக்கும் பொருட்டு இக்குளத்தைக் கட்டுவித்தான் என்கிறது. குளமும் கோட்டமும் அமைத்தமையாற் பெற்ற பெயர் அதுவென்பது வழக்கு. இவ்விரு மரபுகளுள் எது சரியென்ற வாதத்திற் காலங்கழித்தோர் பலர். ஈண்டு நோக்கற்பாலது வேறு. இரு மரபுகளும் ஒரே உண்மையை ஒப்புக்கொள்கின்றன: குளம் கட்டுவது அரசின் பெருஞ்செயல், கட்டப்பட்ட குளத்தின் நீர் கடமைகளோடு சேர்த்தே வழங்கப்பட்டது.

இலங்கையின் பழைய பிராமிக் கல்வெட்டுகளில் 'வாபி ஹமிக', அதாவது குளத்துக்குடையோன், என்ற பட்டம் காணப்படுகிறது. கிறித்து சகாப்தத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாசனங்கள் 'தகபதி' என ஒரு வருவாயைக் குறிப்பிடுகின்றன. நீருக்கான பங்கு என்பது அதன் பொருள். குளத்தின் நீரைப் பெற்று விளைவித்தவன் விளைவில் ஒரு கூற்றைக் குளத்துக்குடையோனுக்கோ அரசனுக்கோ, அவர்கள் அவ்வுரிமையைத் தானஞ்செய்தவிடத்துச் சங்கத்துக்கோ செலுத்தினான். ஆகவே நீர் அன்றும் விலையுடையதே. ஆயின் அவ்விலை பணமாகவன்றி விளைவிற் பங்காகக் கொள்ளப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. மழை பொய்த்து விளைவு குன்றின் பங்கும் குன்றிற்று. பெறுவோனும் கொடுப்போனும் ஒரே வானத்தை நோக்கியிருந்தனர். ஏக்கருக்கு இவ்வளவு ரூபா என விதிக்கப்படும் பிற்காலக் கட்டணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

சோழராட்சிக் காலத்திற் கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர்பெற்ற பிரமதேயமாய் விளங்கியது. சோழரை வென்று பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு (1055–1110) அதனைக் கலைத்துவிடவில்லை. பெயர் மட்டும் விசயராசச் சதுர்வேதிமங்கலமாக மாறியது. பளமோட்டையிற் கிடைத்த அவன் காலத் தமிழ்ச் சாசனம், நங்கைசானி என்னும் பிராமணப் பெண் தன் கணவன் நினைவாகக் கந்தளாய்க் கோயிலுக்கு அளித்த கொடைகளைப் பதிவுசெய்து, அவற்றை வேளைக்காரரின் பாதுகாப்பில் விடுகிறது. பின்னர் நிசங்கமல்லன் (1187–1196) இவ்வூரைச் 'சதுர்வேதப் பிரமபுரம்' எனக் குறிப்பிட்டு, இங்குப் பார்வதி சத்திரம் என்னும் அறச்சாலை இருந்ததைத் தன் கல்லாசனச் சாசனத்திற் பொறித்துள்ளான். அரச மரபுகள் மாறியபோதும் இவ்வூர் தழைத்தமைக்குக் குளத்து நீரே அடிப்படையாதல் வேண்டும்.

இத்தகைய பிரமதேயங்களில் நீரை ஆண்டவர் யாவர்? தமிழகத்து உத்தரமேரூரிலே பராந்தக சோழனின் காலத்துச் சாசனங்கள் (919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிட்டு, அதன் உறுப்பினரைக் குடவோலை முறையால் ஆண்டுதோறும் தெரிந்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. கந்தளாயிலும் சபை இருந்தது. சபையுள்ள ஊரில் நீராட்சியும் அதன் கையிலேயே இருந்திருக்கும் எனக் கொள்வது பொருந்தும். இவ்வாட்சியைக் குடியாட்சியென மயங்குதல் கூடாது. சபையில் இருக்கை பெற்றோர் நிலமும் கல்வியுமுடைய பிராமணரே. சேற்றில் இறங்கியோர்க்கு அங்கு இடமில்லை. ஆயினும் துருசைத் திறக்கும் அதிகாரமும் குளக்கட்டைப் பேணும் பொறுப்பும் ஊரினுள்ளேயே இருந்தன என்பது உண்மை.

கோணேசர் கல்வெட்டுத் தரும் செய்தியும் இவ்வாறானதே. கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் அந்நூல், கோயிலுக்கும் அதன் நிலங்களுக்குமாகக் குடியமர்த்தப்பெற்ற தானத்தார், வரிப்பத்தார் ஆகியோரின் தொழும்புகளை வகுத்துரைக்கிறது. மதுரையிலிருந்து வரவழைக்கப்பட்ட தனியுண்ணாப் பூபாலன் அவர்களை மேற்பார்வை செய்ததையும் கூறுகிறது. நிலமும் நீரும் பெற்ற குடிக்கு ஒரு பணி விதிக்கப்பட்டது. பணி வழுவின் உரிமையும் வழுவும். நிலமானிய சமுதாயத்தின் கட்டாயம் இதில் வெளிப்படை. ஆனால் பேணுவோரின்றிக் குளம் நிலைக்காது என்ற தெளிவும் இதிலுண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியிற் போர்த்துக்கேயர் கோணேச்சரத்தை இடித்தனர். திருகோணமலை துறைமுகக் கோட்டையாக மாறியது. கடலை நோக்கிய அந்நியருக்கு உள்நாட்டுக் குளத்தில் அக்கறை இருக்கவில்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து துறைமுகத்தைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கும் முதல் அரை நூற்றாண்டு இதே நோக்குத்தான்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது வரவேற்கத்தக்கதே. எனினும் குளக்கட்டில் மண்ணிடுதல், வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்குதல் ஆகிய கூட்டுப் பணிகளை வற்புறுத்துதற்கிருந்த பழைய அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. அதன் விளைவை அரசு உணர்வதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய வழக்காறுகளுக்குச் சட்டவலு அளித்தது. விதானைமார் ஊராராலே தெரியப்பட்டனர். விளைவில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊதியமாயிற்று. முன்னர் ஒழித்ததை வேறொரு பெயரில் மீட்க நேர்ந்ததை அன்றைய அதிகாரிகள் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

கந்தளாய்க் குளம் 1870களில், வில்லியம் கிறெகரி ஆளுநராயிருந்த காலத்தையொட்டி, அரசு செலவிற் திருத்தப்பட்டது. குடியேற்றவாத அரசு எச்செலவையும் மீளப்பெறும் நோக்குடனேயே செய்தது. குளங்களைத் திருத்திய செலவை நிலவுடைமையாளரிடமிருந்து ஏக்கர் கணக்கில் நீர்வரியாகப் பெறும் ஏற்பாடு அக்காலச் சட்டங்களிலே இடம்பெற்றது. இதற்குமேல் நெல்வரியும் இருந்தது. அது 1892இல் ஒழியும்வரை உழவன் நிலத்தையே இழக்கும் அளவுக்குக் கொடுமையாய் அறவிடப்பட்டது. நீரின் விலை விளைவிற் பங்கு என்னும் நிலையிலிருந்து பணமாக மாறியது இக்கட்டத்திலேதான். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டபின் பெருங்குளங்களின் துருசுகள் முற்றாக உத்தியோகத்தர் கைக்குச் சென்றன.

சுதந்திரத்தை அண்டிய காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழியே வறண்ட வலயத்திற் குடியேற்றத் திட்டங்கள் பெருகின. கந்தளாயும் அவற்றுள் ஒன்று. குடியேறியோருக்குக் காணியும் வீடும் நீரும் அரசு கொடையாய்க் கிடைத்தன. இக்குடியேற்றங்கள் திருகோணமலை மாவட்டத்தின் இனவிகிதத்தை மாற்றியமையும், அதனால் விளைந்த அரசியற் கசப்பும் தனியே ஆராயத்தக்கவை. நீரைப் பொறுத்தவரை, 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் நீர்வரிக்கு இடமளித்தபோதிலும் அரசுகள் அதனை அறவிடுவதிற் பெரிதும் ஊக்கங்காட்டவில்லை. வாக்குரிமை பெற்ற உழவனிடம் நீருக்கு விலைகேட்க எக்கட்சியும் விரும்பவில்லை என்பதே காரணம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாரை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 1976இற் பொல்கொல்லையில் மகாவலி திசைதிருப்பப்பட்டபின் மலைநாட்டு நீரும் எலகரை, மின்னேரியா வழியாகக் கந்தளாயை அடைந்தது. குளம் நிறைந்தது, நீர் இலவசமாயிற்று. அதாவது, பேணுஞ்செலவு திறைசேரியின் கணக்கில் எழுதப்பட்டு உழவனின் கண்ணுக்கு மறைந்தது. இலவசம் என்று இன்று நினைவுகூரப்படும் காலம் ஏறத்தாழ இந்த ஒரு தலைமுறைக் காலமே.

அக்காலம் 1984இல் முடிவுற்றது. 1977இன் பின்னான திறந்த பொருளாதாரக் கொள்கையும், பெருங்குளங்களின் புனரமைப்புக்கு நிதியளித்த வெளிநாட்டு நிறுவனங்களின் வற்புறுத்தலும் பின்னணியில் நின்றன. பெரு நீர்ப்பாசனத் திட்டங்களில் இயக்க, பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 100 ரூபா அறவிடத் தீர்மானிக்கப்பட்டது. உண்மைச் செலவு ஏக்கருக்கு ஏறத்தாழ 200 ரூபா எனக் கணிக்கப்பட்டிருந்தது. கட்டணம் ஆண்டுக்காண்டு உயர்ந்து சில ஆண்டுகளில் முழுச் செலவையும் எட்டும் என்பது எதிர்பார்ப்பு. அறவிடும் பணம் அந்தந்தத் திட்டத்துக்கே செலவிடப்படும் என்ற உறுதிமொழியும் வழங்கப்பட்டது.

முதலாண்டில் நாடளாவிய வசூல் ஓரளவு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில் அது விரைவாகச் சரிந்து, பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ இல்லையென்ற நிலைக்கு வந்தது. போரும் கிளர்ச்சியும் சூழ்ந்த காலமாதலின் அவையும் காரணமெனல் பொருந்தும். ஆயினும் போர் எட்டாத மாவட்டங்களிலும் இதுவே நிகழ்ந்தது. கட்டியவன் பெற்ற நீருக்கும் கட்டாதவன் பெற்ற நீருக்கும் வேறுபாடில்லாமையை உழவர் விரைவிற் கண்டுகொண்டனர். கட்டிய பணம் தம் வாய்க்காலுக்குத் திரும்பியதற்கான அடையாளத்தை அவர்கள் காணவில்லை. துருசு எந்நாளில் திறக்கப்படும் என்பதிலும் அவர்கள் சொல்லுக்கு முன்னிலும் மிகுந்த மதிப்பொன்றும் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரே குளத்து நீரின் மற்றொரு வழியை ஒப்புநோக்குதல் வேண்டும். திருகோணமலை நகருக்கும் துறைமுகச் சூழலுக்கும் குடிநீர் கந்தளாயிலிருந்தே குழாய்வழி செல்கிறது. 1975இற் பணி தொடங்கிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 1980களில் நாடெங்கும் வீட்டு இணைப்புக்கு மானி பொருத்திக் கட்டணம் அறவிடும் முறையை விரிவாக்கியது. தெருக்குழாயில் விலையின்றி நீரெடுத்த காலம் மெல்ல மறைந்தது. வயலிற் தோற்ற கட்டணம் குழாயில் வென்றது. நகரத்தார் உழவரினும் நேர்மையானவர் என்பதாலன்று; கட்டணம் செலுத்தாத வீட்டின் குழாயைத் தனியே பூட்டலாம் என்பதாலேயே. வாய்க்காலை அவ்வாறு பூட்டல் இயலாது. ஒருவன் வயலைத் தாண்டியே அடுத்தவன் வயலுக்கு நீர் பாய்கிறது. கட்டாதவனைத் தண்டிக்க வாய்க்காலை அடைத்தால் கட்டியவனது பயிரும் வாடும். ஆகவே ஒரு பொருள் கட்டணத்துக்குரியதாவது அதன் மதிப்பினாலன்று. அதற்குக் கதவு பொருத்த இயலுமா என்பதைப் பொறுத்தே.

செருகுநிரல்களுக்கு நேர்ந்ததும் இதுவே. மென்பொருளை எத்தனைபேர் படியெடுப்பினும் அது குறைவதில்லை. இயல்பில் அதற்குக் கதவில்லை. உரிமச் சாவி என்னும் எண்தொடரும், ஆக்கியோரின் சேவையகத்திலிருந்தே பெறவேண்டிய புதுப்பிப்புகளும் சேர்ந்து அதற்கு ஒரு கதவை அமைத்தன. ஆனால் இங்கே உழவனுக்கில்லாத ஒரு வழியுமுண்டு. வேர்ட்பிரசின் பொதுமக்கள் உரிமம், ஒருமுறை அவ்வுரிமத்தின்கீழ் வெளியிட்ட நிரலை எவரும் எடுத்துத் தனிக்கிளையாக வளர்க்க இடமளிக்கிறது. டெராபோம் என்னும் மென்பொருளின் உரிமத்தை அதன் நிறுவனம் 2023 ஓகஸ்ட்டில் இறுக்கியபோது, பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோபு என்னும் கிளை சில வாரங்களிலேயே தோன்றியது. கந்தளாய்க் குளத்தைப் படியெடுத்து இன்னொரு கந்தளாய் உண்டாக்க எவராலும் இயலாது. ஆயினும் கிளை பிரித்தவர்களுக்கும் பேணும் உழைப்பிலிருந்து விடுதலையில்லை. அவர்கள் எடுத்துச் செல்வது நிரலை மட்டுமன்று, அதன் பழுதுகளையுந்தான்.

பேணுதலைப் பற்றி இரு நிகழ்ச்சிகள் நினைவுகூரத்தக்கன. 1986 ஏப்பிரல் 20ஆந் திகதி, விடிவதற்கு முன், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின்மேற் கனரக வாகனங்கள் சென்றமை முதலிய காரணங்கள் கூறப்பட்டன. கட்டணம் செலுத்தப்படாமையே காரணமென்று எவரும் வாதிடமுடியாது. அவ்வாறு வாதிடுவது இறந்தோரை இழிவுபடுத்துவதாகும். ஆனால் ஆயிரம் ஆண்டுகட்கு மேல் நிற்கும் கட்டும் நாள்தோறும் பார்க்கப்படவேண்டியது என்பதை அவ்விரவு காட்டியது. 2014 ஏப்பிரலில், உலகின் இணையத்தளங்களிற் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் இலவச மென்பொருளிற் பாரதூரமான பாதுகாப்புப் பழுதொன்று வெளிப்பட்டது. பெரு நிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய அம்மென்பொருளை முழுநேரமாகப் பேணியவர் ஒருவரே என்பதும் அப்போதே உலகறியத் தெரிந்தது. உயிரிழப்பில் இவ்விரண்டும் ஒப்பாகா. பயன்கொள்வோர் கட்டின் மறுபக்கத்தைப் பாராதிருந்தமையில் ஒப்பாகும்.

1988இல் அரசு வேறொரு வழியை ஏற்றது. கிளை வாய்க்காலையும் வயல் வாய்க்காலையும் கமக்காரர் அமைப்புகள் பொறுப்பேற்றுப் பேணுமிடத்துக் கட்டணம் வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். அதற்கு முன்னோடியாயமைந்தது கல்லோயாவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த முயற்சி. அங்கு உழவர் குழுக்கள் வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கி, கடைமடை வயலுக்கும் முறைவைத்து நீர்விட்டனர். 1991இற் கமநல சேவைகள் சட்டத்துக்குச் செய்த திருத்தம் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது. பணமாகக் கொடுக்க மறுத்ததை உழைப்பாகக் கொடுக்க உழவர் இணங்கினர். திறைசேரி தன் சுமையை அவர்கள் தலையில் இறக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. ஆயினும் 1984க்கும் 1988க்கும் இடையே மாறியது தொகையன்று. வாய்க்காலின் கதவில் யார் கை இருந்தது என்பதே. 2000ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கை, நீருரித்துகளை வரையறுத்து ஒதுக்க முனைந்தபோது உழவர் இயக்கங்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தமையும், அரசு பின்வாங்கியமையும் இதே அச்சத்தின் வெளிப்பாடு: கதவும் திறவுகோலும் மீண்டும் பிறர் கைக்குப் போகும் என்ற அச்சம்.

அது வீணான அச்சமன்று என்பதை இம்மாவட்டம் 2006 யூலையில் வேறொரு வகையிற் கண்டது. மாவிலாற்றுத் துருசை விடுதலைப் புலிகள் மூடினர். சேருவில, மூதூர்ப் பகுதிகளின் சிங்கள, முஸ்லிம், தமிழ் உழவரின் வயல்கள் ஒருங்கே வரண்டன. துருசைத் திறப்பதற்கென்று தொடங்கிய படைநடவடிக்கை முழுப்போராக விரிந்தது. அங்கே நீருக்கு எவரும் விலை கேட்கவில்லை. கதவு ஒன்றே போதுமானதாயிருந்தது.

இன்றும் கந்தளாயில் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அரச உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது, எந்நாளில் மூடுவது என்று வாதிட்டுத் தீர்மானிக்கின்றனர். வாய்க்கால் துப்புரவாக்கும் நாளும் அங்கேயே குறிக்கப்படுகிறது. அதே குளத்து நீரை மானி வழியே பெற்று மாதந்தோறும் பணஞ்செலுத்தும் துறைமுக நகரத்தாருக்கு அத்தகைய கூட்டம் எதுவுமில்லை. அவர்களுக்கு வருவது பட்டியல் ஒன்றே.